கேரவன் ஜாக் மக்கர் செய்தால்: கடலூர், புதுச்சேரி பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு

இங்கே ஜாக் என்பது, கேரவனை நிறுத்திய இடத்தில் சமன் செய்ய நாலு மூலையிலும் தரைக்கு இறங்கும் லெவலிங் ஜாக். அது இறங்காவிட்டால் ஒரு ராத்திரி சாய்வாகப் படுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பள்ளமான பக்கத்துச் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி ஓரளவு சமன் செய்துகொள்ளலாம். இறங்கிய ஜாக் மேலே ஏறாவிட்டால்தான் வண்டி இருந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். ஷூட்டிங் யூனிட் மொத்தமும் அடுத்த லொகேஷனுக்குப் போய்விடும். கேரவன் மட்டும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்கும். அதனால் கீழே 'ஏறவில்லை' என்ற பகுதியைத்தான் நீட்டி எழுதியிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் நேரே அங்கே போய்விடுங்கள்.

புதுச்சேரிக்கு ஷூட்டிங் வரும் கேரவன்களிலும், ஈசிஆரில் குடும்பத்தோடு வருகிற வண்டிகளிலும் திரும்பத் திரும்பப் பார்க்கிற பழுதுகளில் பெரும்பாலானவை ஜாக்கின் பழுதே கிடையாது. பேட்டரி, எர்த் (பேட்டரி நெகட்டிவ் பக்கத்து இணைப்பு), உப்பு, தரை. இந்த நான்கையும் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

கை வைக்கும் முன்

ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுங்கள். லெவலிங் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக்கூட நுழைக்கக் கூடாது. டயர் மாற்றவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அது வண்டியைச் சமன் செய்வதற்கு மட்டும்தான். அடியில் போயே ஆக வேண்டும் என்றால் சேஸிஸுக்குக் கீழே ஜாக் ஸ்டாண்டு, அதுவும் கெட்டித் தரையில்.

அடுத்தது, ஜாக்குகளுக்கு எண்ணெயைத் தள்ளும் உங்கள் ஜாக் பம்ப் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? பஸ், லாரி சேஸிஸில் கட்டிய கேரவனில் வண்டியின் பேட்டரி 24 வோல்ட்டாக இருக்கும். ஆனால் ஜாக் பம்ப் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடலாம். பம்ப் மோட்டாரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும். வண்டி நிற்கிறதைப் பார்த்துவிட்டு லாரிக்காரர் ஒருவர் நல்ல மனசோடு ஜம்பர் கேபிள் கொண்டுவருவார். அவருடைய 24 வோல்ட்டை உங்கள் 12 வோல்ட் பம்ப்பில் கொடுத்தால் கண்ட்ரோல் போர்டு அந்த நொடியே புகைந்துவிடும். ஐம்பது ரூபாய் ஃபியூஸில் முடிந்திருக்க வேண்டிய வேலை போர்டு மாற்றுவதில் போய் நிற்கும்.

## பழுது: பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை

பேனலில் விளக்கே எரியவில்லை

இக்னிஷன் எந்த நிலையில் இருக்கிறது, ஹேண்ட்பிரேக் முழுதாக விழுந்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். பல சிஸ்டங்களில் இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பேனல் உயிர் பெறாது. ஹேண்ட்பிரேக் பழசாகி, போட்டாலும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு வரவில்லை என்றால், ஜாக் சிஸ்டத்துக்கும் பிரேக் போட்ட விஷயம் தெரியாது. லிவரை இன்னும் ஒரு பல் இழுத்துப் பாருங்கள்.

அதுவும் சரி என்றால் ஃபியூஸ். பேனலுக்குத் தனியாகச் சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கும். பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் கழற்றி மீட்டரில் வைத்துப் பாருங்கள். கால்களில் வெள்ளைப் பொடி படிந்து தொடர்பு விட்டுப்போவது கடற்கரையில் சகஜம். அடுத்து எலி. பாகூர் பக்கம் வயலோரம் சில நாள் நிறுத்திய வண்டி என்றால் வீல் ஆர்ச்சுக்கு மேலே போகும் வயர்களை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, பம்ப் பக்கம் 'டிக்' என்று மட்டும் சத்தம் வருகிறது; அல்லது பம்ப் முனகுகிறது

இதுதான் இந்தக் கடற்கரையின் தேசிய வியாதி. ஜாக் பம்ப் மோட்டார் ஓடும்போது நூறு ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். விளக்கு எரிவதற்கும் ஏசி பேனல் மினுக்குவதற்கும் போதுமான பேட்டரி இதற்குப் போதாது.

முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். வேலை செய்துவிட்டால் பேட்டரிதான் காரணம். இரவெல்லாம் விளக்கும் ஃபேனும் ஓடிய வண்டியில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். முழுக்க சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12க்குக் கீழே என்றால் ஜாக்கை மறந்துவிட்டு முதலில் சார்ஜ் போடுங்கள்.

எஞ்சின் ஓடியும் முனகல்தான் என்றால் எர்த்தைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், இன்னொன்று பம்ப் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில். ஒருவர் பட்டனை அழுத்தட்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் போய்விட்டது. அதே மாதிரி பாசிட்டிவ் பக்கமும் பேட்டரி கம்பத்துக்கும் பம்ப் முனைக்கும் நடுவே பாருங்கள்.

கேபிள் லக்கை (கேபிள் நுனியில் போல்ட் மாட்டும் வளையம்) கழற்றினால் உள்ளே களிம்பு ஏறியிருக்கும். மேலே போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், அதை நம்பாதீர்கள். லக், போல்ட், சேஸிஸ் மூன்றையும் பளபளக்கும் வரை எமரித் தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவுங்கள். லக்குக்குப் பக்கத்தில் கேபிளை வளைத்துப் பாருங்கள். உறைக்குள் நறநற என்று உடைந்தால் தேய்த்துப் பயனில்லை. செம்பு உள்ளேயே பொடியாகிவிட்டது. கேபிளை மாற்ற வேண்டும்.

இரண்டும் நன்றாக இருந்து 'டிக்' மட்டும் வருகிறது என்றால், பம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கும் உருளை வடிவப் பெரிய ரிலேதான் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) சந்தேகம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டு தட்டிக்கொண்டே பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். ஓடிவிட்டால் உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது; இன்றைக்கு ஓடும், நாளைக்குச் சொல்ல முடியாது. எந்த ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியனும் மாற்றித் தருவார். நாலு முனை உள்ளதா என்று பார்த்து, அதே வோல்ட்டேஜில் வாங்குங்கள். ரிலேவும் புதுசு, கரண்ட்டும் முனை வரை முழுசாக வருகிறது, மோட்டார் அசையவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஸ்டார்டர் மோட்டார் கட்டுகிற கடையிலேயே அதற்கும் வழி உண்டு. புது மோட்டார் வாங்குவது கடைசிப் பேச்சு.

## பழுது: பம்ப் ஓடுகிறது, எந்த ஜாக்கும் இறங்கவில்லை

எண்ணெய் குறைவு என்பதுதான் முதல் சந்தேகம். ஆனால் அளவு பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது: எல்லா ஜாக்கும் முழுதாக மேலே இருக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும். ஜாக் கீழே இருக்கும்போது டேங்கில் எண்ணெய் குறைவாகத் தெரிவது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு ஊற்றி நிரப்பினால், ஜாக் மேலே ஏறும்போது மிச்ச எண்ணெய் எல்லாம் மூடியின் மூச்சுத் துளை வழியாக வெளியே பொங்கும்.

என்ன எண்ணெய் என்பது டேங்க் ஸ்டிக்கரில் இருக்கும். பல சிஸ்டங்களுக்குச் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்). டெக்ஸ்ரான் 3 என்று கேட்டால் எந்தப் பெரிய ஸ்பேர் கடையிலும் தெரியும். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றலாமா என்று கேட்பார்கள். கூடவே கூடாது. அது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ஒரு லிட்டரில் எல்லா ஜாக்கும் போச்சு. எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை மூழ்கடித்த மாதிரி வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். முழு எண்ணெயையும் இறக்கி மாற்ற வேண்டும்.

எண்ணெய் சரி, மோட்டார் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிற சத்தம் வருகிறது என்றால் மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கலாம். இது பட்டறை வேலை.

## பழுது: ஒரு ஜாக் மட்டும் இறங்கவில்லை

பம்ப் நன்றாக இருக்கிறது என்பதற்கு மற்ற மூன்று ஜாக்கும் சாட்சி. அந்த ஒரு ஜாக்கின் வால்வு, அதன் வயர், இரண்டில் ஒன்று.

பம்ப்பின் மேல் வரிசையாக நிற்கும் வால்வுகளில் அந்த ஜாக்குக்கு உரியதைக் கண்டுபிடியுங்கள். அதன் மேல் இருக்கும் காயில், கரண்ட் வந்தால் காந்தமாகி வால்வை இயக்கும். பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்போது வால்வு காயிலின் தலையில் இரும்பு ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்துப் பாருங்கள். காந்தம் மாதிரி இழுத்துப் பிடித்தால் காயிலுக்குக் கரண்ட் வருகிறது. உள்ளே வால்வு அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பக்கத்து ஜாக்கின் பிளக்கை இதில் மாட்டி, பக்கத்து ஜாக்கின் பட்டனை அழுத்துங்கள். இப்போது வேலை செய்தால் காயில் நல்லது, வயரோ போர்டோதான் பழுது. அப்போதும் அசையவில்லை என்றால் காயில் போய்விட்டது. பிளக்கைக் கழற்றிய கையோடு உள்ளே பாருங்கள், பாதி நேரம் பச்சைக் களிம்புதான் குற்றவாளி. காண்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகிவிடும்.

## பழுது: ஜாக் மேலே ஏறவில்லை

இங்கே அவசரப்பட்டு கியர் போட்டு வண்டியை முன்னே பின்னே ஆட்டுபவர்கள் நிறைய. ஜாக் தண்டு வளைந்துவிட்டால் அதற்கு மருத்துவம் கிடையாது, புது ஜாக்தான். ஆகவே எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை நகர்த்தாமல் இந்த வரிசையில் போங்கள்.

மெதுவாக ஏறுகிறது, பாதியில் நிற்கிறது. பல வண்டிகளில் ஜாக்கை மேலே இழுப்பது பம்ப் அல்ல, இரண்டு பக்கமும் மாட்டியிருக்கும் ஸ்பிரிங். தண்டில் உப்பும் மணலும் அப்பியிருந்தால் ஸ்பிரிங்கால் இழுக்க முடியாது. ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றித் தண்டைக் கழுவி, பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், அது மணலைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எமரித் தாளை மேலே சொன்ன லக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்டின் குரோம் பூச்சில் கீறல் விழுந்தால் அடுத்த மாதம் எண்ணெய் கசியும். அடித்த பிறகு சில முறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

கால் தரையில் சிக்கியிருக்கிறது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கத்து மணலில் ஜாக்கின் கால் தட்டு மெதுவாகப் புதையும். சுற்றிலும் ஈர மணல் கவ்விக்கொள்ளும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் வேறு விதம்: காய்ந்திருக்கும்போது கல் மாதிரி இருக்கும், ஐப்பசி மழை ஒரு நாள் பெய்தால் களியாகக் குழைந்து தட்டை இழுத்துப் பிடிக்கும். சித்திரை வெயிலில் தார் ரோட்டோரம் நிறுத்தினாலும் இதே கதை, தட்டு தாரில் பதிந்துவிடும். தட்டைச் சுற்றி மண்வெட்டியால் பறித்துவிட்டு மறுபடி பட்டனை அழுத்துங்கள். அடுத்த முறை நிறுத்தும்போது ஒவ்வொரு தட்டுக்கும் கீழே இரண்டு அங்குலத் தடிமனான மரப்பலகை; இரண்டடிக்கு இரண்டடி இருந்தால் மணலிலும் தாங்கும்.

பட்டனுக்குப் பதிலே இல்லை, கரண்ட்டும் இல்லை. வால்வுகளைக் கையால் திறக்க வழி இருக்கும். ஒவ்வொரு வால்விலும் அலன் கீ நுழையும் திருகோ, இழுத்துத் திருப்பும் குமிழோ இருக்கும். எந்தப் பக்கம் திருப்புவது என்பது சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும், உங்கள் கையேட்டின் அந்தப் பக்கத்தை இன்றைக்கே போட்டோ எடுத்துச் செல்லில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் அந்த மூலை பொத்தென்று இறங்கும். குழந்தைகளை, நாயை, வேடிக்கை பார்ப்பவர்களை எல்லாம் நாலடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒரே மூச்சில் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி இறக்குங்கள்.

ஸ்பிரிங் இல்லாத, மேலும் கீழும் எண்ணெயிலேயே ஓடும் ஜாக் என்றால் வால்வைத் திறப்பது மட்டும் போதாது. மோட்டாரின் பின்பக்கம் ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். சில பம்ப்புகளில் அதைக் கழற்றினால் உள்ளே அறுகோண முனை இருக்கும். கார்பென்டர் வைத்திருக்கும் பேட்டரி டிரில்லை அதில் மாட்டி, ஜாக் ஏறும் திசையில் சுற்றினால் பம்ப் சுற்றும், ஜாக் ஏறும். பெயின்ட் கடையிலோ பக்கத்தில் வேலை நடக்கும் வீட்டிலோ கேட்டால் டிரில் கிடைத்துவிடும்.

வால்வு திறந்தும் தண்டு இறுகி நிற்கிறது. துருவில் பிடித்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. பாரம் முழுதும் டயருக்கு வந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, வண்டிக்கு வெளியே நின்றபடி ஜாக்கின் தட்டுக்குக் கீழே பள்ளம் தோண்டுங்கள். பள்ளத்தில் பலகை, பலகை மேல் பாட்டில் ஜாக். வால்வு திறந்தே இருக்கட்டும். பாட்டில் ஜாக்கை அடித்தால் தண்டு அங்குலம் அங்குலமாக உள்ளே போகும். முழுதாக உள்ளே போனதும் சங்கிலியால் தட்டைச் சேஸிஸோடு சேர்த்துக் கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டாம், ஆட்டத்தில் அறுந்துவிடும். அப்புறம் பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் சுமார் 22 கிலோமீட்டர்தான். வழியில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கர்களில் மட்டும் இறங்கிப் பார்த்துக் கடத்துங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்: தண்டு வளைந்திருந்தால், ஸ்பிரிங் ஒரு பக்கம் அறுந்து மறுபக்கம் விறைத்து நின்றால், வால்வே திறக்க வராமல், ஹோஸ் நட்டைத் தளர்த்தித்தான் எண்ணெயை விட வேண்டும் என்ற நிலை வந்தால். கடைசியாகச் சொன்னதில் அழுத்தம் ஏறிய எண்ணெய் முகத்துக்கு நேரே வரும். ஜேசிபிக்கு ஹோஸ் போடுகிறவர்களுக்கு இது அன்றாட வேலை, அவர்கள் செய்யட்டும்.

## பழுது: ராத்திரியில் ஒரு மூலை இறங்குகிறது

ஜாக் தண்டில், அது உறைக்குள் நுழையும் விளிம்பை ஒட்டி, சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காலையில் கோடு உள்ளே போய் மறைந்திருந்தால் எண்ணெய் திரும்பி ஓடியிருக்கிறது. கோடு இருந்த இடத்திலேயே இருந்து வண்டி மட்டும் சாய்ந்திருந்தால் தரை அமுங்கியிருக்கிறது, பலகையைப் பெரிதாக்குங்கள். ஹோட்டல் வாசலில் பேவர் பிளாக் மேல் நிறுத்துகிறவர்கள் முக்கியமாக இதைப் பாருங்கள்.

கோடு மறைந்தது, வெளியே எண்ணெய் ஈரம் இல்லை என்றால் வால்வில் தூசி. எல்லா ஜாக்கையும் முழுதாக ஏற்றி இறக்கிச் சில தடவை செய்தால் தூசி அடித்துக்கொண்டு போய்விடும். போகவில்லை என்றால் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மணல் பறக்கும் கடற்கரையில் அதைத் திறக்காதீர்கள்.

## பழுது: எண்ணெய் சொட்டுகிறது

சொட்டும் இடத்தைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துளை வழியாகப் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள், எங்கே பீச்சுகிறதோ அட்டையில் ஈரம் விழும். தப்பித் தவறிக் கையில் பீச்சிவிட்டால் காயம் கொசுக்கடி அளவுதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது. உடனே ஜிப்மர் மாதிரி அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், 'அழுத்தத்தில் எண்ணெய் ஏறிவிட்டது' என்று சொல்லுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் விரலே போகக்கூடும்.

நட்டில் கசிந்தால், பம்ப்பை நிறுத்தி, எல்லா ஜாக்கையும் ஏற்றிய பிறகு கால் சுற்று இறுக்குங்கள், போதும். ஹோஸ் நடுவில் வெடித்திருந்தால் டேப் சுற்றுவது வீண், ஹோஸ் மாற்ற வேண்டும். தண்டும் உறையும் சேரும் இடத்தில் கசிந்தால் சீல். தண்டைத் துணியால் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள், குழி தட்டுப்பட்டால் புது சீல் போட்டாலும் அதிக நாள் நிற்காது.

## பழுது: எல்லா ஜாக்கும் மேலே இருக்கிறது, 'ஜாக் கீழே' என்று அலாரம் அடிக்கிறது

முதலில் நாலு மூலையும் இறங்கிப் போய்க் கண்ணால் பாருங்கள். ஒன்றிரண்டு அங்குலம் தொங்குகிற ஜாக்குக்கும் அலாரம் அடிக்கும், அது பொய் அலாரம் இல்லை. நாலும் முழுதாக மேலே இருந்தால் எண்ணெய் அளவு, அப்புறம் சென்சார் பிளக். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். அலாரம் அப்போதும் நிற்காவிட்டால் சங்கிலி கட்டிக்கொண்டு ஓட்டலாம். சில கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். அலாரம் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

## பழுது: பேனல் 'லெவல்' என்கிறது, மேஜையில் பேனா உருளுகிறது

சென்சார் பெட்டியின் திருகு தளர்ந்து ஆடுகிறதா பாருங்கள். ஆடவில்லை என்றால், கொத்தனார் ரசமட்டத்தை வண்டியின் நடுத்தரையில் வைத்துக் கையாலேயே சமன் செய்து, கையேட்டில் சொன்னபடி பூஜ்யப் புள்ளியைப் புதிதாகப் பதியுங்கள். முடிந்தது.

## மோட்டார் கால் வைத்த வண்டிகளுக்கு

எண்ணெய் இல்லாமல் ஒவ்வொரு காலுக்கும் தனி மோட்டார் இருக்கும் வண்டி என்றால் ஃபியூஸ், பிளக், எர்த் என்று மேலே சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும். மோட்டார் சுற்றியும் கால் அசையவில்லை என்றால் உள்ளே இருக்கும் முளை (பின்) உடைந்திருக்கும் அல்லது கியர் தேய்ந்திருக்கும். கையால் சுற்றுவதற்கான முனை காலின் மேல்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும். அதற்கு எந்த அளவு சாக்கெட் என்று பார்த்து வண்டியிலேயே ஒன்று போட்டு வையுங்கள்.

## எங்கே போவது

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம் லாரி டெர்மினல் சுற்றுவட்டாரத்தில் கேட்டால் ஹோஸ், ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். கடலூர்ப் பக்கம் என்றால் ஜேசிபியும் டிராக்டரும் பார்க்கிற பட்டறையைத் தேடுங்கள்; கார் ஷோரூமுக்குப் போய்ப் பயனில்லை. பெரிய வேலை என்றால் நெய்வேலி. சுரங்க வண்டிகள் ஓடும் ஊர், ஹைட்ராலிக் கைப்பழக்கம் உள்ளவர்கள் இருப்பார்கள்.

'கேரவன் ஜாக்' என்று போனில் சொன்னால் புரியாது என்பார்கள். 'டிப்பர் மாதிரி ஹைட்ராலிக் பம்ப், 12 வோல்ட், நாலு சிலிண்டர்' என்று சொல்லுங்கள், பம்ப் ஸ்டிக்கரின் போட்டோவை அனுப்புங்கள். ஹோஸ் மாற்றப் போகும்போது பழைய ஹோஸையே கழற்றி எடுத்துப் போங்கள். நீளத்தை மட்டும் அளந்துகொண்டு போனால் முனையின் மரை பொருந்தாமல் இன்னொரு நடை நடக்க வேண்டிவரும். கழற்றிய இரண்டு வாயிலும் பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள், மணல் உள்ளே போய்விட்டால் வால்வு வேலையும் சேர்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும், சனிக்கிழமை மதியத்துக்குள் போய்விடுங்கள்.